இண்டியானா ஜோன்ஸை வீட்டுக் கூடத்தில் பார்ப்பது எப்படி: டிஸ்க் வாங்குவதிலிருந்து கீழடி வரை

மதுரையில் ஒரு தலைமுறைக்கு இங்கிலீஷ் படம் என்றால் ரீகல் தியேட்டர்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பகலில் நூலகம் நடக்கும், சாயங்காலம் அதே கட்டடத்தில் படம் ஓடும். நான் அந்தத் தலைமுறைக்குக் கொஞ்சம் பிந்தியவன். அரும்பொருள் தேடி உலகம் சுற்றும் தொல்லியல் பேராசிரியர் இண்டியானா ஜோன்ஸின் ஹாலிவுட் படங்களை நான் முதலில் பார்த்தது வாடகைக்கு எடுத்த விசிடியில். ஒரு படத்துக்கு இரண்டு சிடி. கதை சூடு பிடிக்கும் நேரத்தில் எழுந்துபோய் அடுத்த சிடியைப் போட வேண்டும். இருட்டில் நடக்கும் காட்சிகள் எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். அப்படியிருந்தும் முதல் படத்தின் தொடக்கத்தில் நாயகனைத் துரத்தி அந்தப் பெரிய பாறை உருண்டு வந்தபோது, தரையில் உட்கார்ந்திருந்த நான் காலை இழுத்துக்கொண்டேன்.

போன வருடம் அண்ணன் மகனுக்குப் பதின்மூன்று வயது ஆனதும் ஐந்து படங்களையும் அவனோடு சேர்ந்து முறையாகப் பார்க்க ஆசைப்பட்டேன். டிஸ்க் தேடி, பிளேயர் தேடி, டிவியோடு மல்லுக்கட்டி, ஒருவழியாகப் பார்த்து முடித்தோம். அப்போது தெரிந்துகொண்டதை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்து வருவதுதான். இந்தப் படங்களின் உயிர் கேமராவுக்கு முன்னால் நிஜமாக நடந்த விஷயங்களில் இருக்கிறது. நிஜமான லாரி, நிஜமான பாம்பு, நிஜமாகக் கட்டி நிஜமாக அறுத்துவிட்ட தொங்குபாலம். வீட்டில் நாம் செய்யும் ஏற்பாடு எல்லாமே அந்த நிஜம் கெடாமல் கண்ணுக்கு வந்து சேர்வதற்காகத்தான்.

எத்தனை படம், எது எப்போது

மொத்தம் ஐந்து. ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ 1981, ‘டெம்பிள் ஆஃப் டூம்’ 1984, ‘லாஸ்ட் க்ரூசேட்’ 1989, ‘கிங்டம் ஆஃப் தி கிரிஸ்டல் ஸ்கல்’ 2008, ‘டயல் ஆஃப் டெஸ்டினி’ 2023. முதல் நான்கை இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், ஐந்தாவதை ஜேம்ஸ் மேங்கோல்ட். கதைக்கு வித்திட்டவர் ஜார்ஜ் லூகாஸ். 1930, 40களில் வாரம் ஒரு பாகமாகத் தியேட்டரில் ஓடிய தொடர் படங்களைச் சின்ன வயதில் பார்த்த ருசியில் உண்டாக்கிய கதை. ஐந்திலும் நாயகன் ஹாரிசன் ஃபோர்டு, இசை ஜான் வில்லியம்ஸ்.

கடையில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். முதல் படத்தின் பழைய அட்டையில் ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ என்று மட்டும் இருக்கும். பிற்கால அட்டைகளில் முன்னால் ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி’ என்று சேர்த்திருப்பார்கள். இரண்டும் ஒரே படம்தான், இரண்டு முறை வாங்கிவிடாதீர்கள்.

எந்தப் பெட்டி வாங்குவது

டிவிடி பெட்டி 2003 அக்டோபரில் வந்தது. அதில் முதல் மூன்று படங்களும் படம் எடுத்த கதையைச் சொல்லும் தனி டிஸ்க் ஒன்றும் இருக்கும். 2012 செப்டம்பரில் நான்கு படங்களும் ப்ளூ-ரேயில் வந்தன. 2021 ஜூனில் அதே நான்கும் 4கே டிஸ்க்காக வந்தன. ஐந்தாவது படம் இந்தப் பெட்டிகள் எதிலும் கிடையாது. அது 2023 டிசம்பரில் தனியாக வந்தது.

கையில் இருக்கும் டிவியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டிவிடியின் படம் 720க்கு 576 புள்ளி, ப்ளூ-ரே 1920க்கு 1080, 4கே 3840க்கு 2160. நான் பார்த்த அந்த விசிடி வெறும் 352க்கு 288. முப்பத்திரண்டு அங்குல டிவிக்கு டிவிடியே தாராளம். நாற்பத்து மூன்றுக்கு மேல் போனால் ப்ளூ-ரேக்குப் போய்விடுங்கள், வித்தியாசம் முதல் காட்சியிலேயே தெரியும். ஐம்பத்தைந்தும் நல்ல டிவியும் இருந்தால் 4கே. என் அபிப்பிராயம் கேட்டால் ப்ளூ-ரேதான் நடுத்தர வீட்டுக்குப் பொருத்தம்.

டவுன்ஹால் ரோட்டிலும் மீனாட்சி பஜாரிலும் ஒரு காலத்தில் டிஸ்க் அடுக்கி வைத்திருந்த கடைகள் இப்போது சார்ஜரும் ஹெட்போனும் விற்கின்றன. இருந்தாலும் போய்க் கேட்பதில் தப்பில்லை. “அண்ணே, பழைய இங்கிலீஷ் பட டிஸ்க் ஏதாவது கிடக்கா?” என்று நான் கேட்டபோது ஒரு கடைக்காரர் மேல் பரணில் ஏறி ஒரு அட்டைப்பெட்டியையே இறக்கிவிட்டார். தூசியைத் தட்டத் தட்ட மூன்றாவது படத்தின் டிவிடி கிடைத்தது. மற்றவற்றை இணையத்தில்தான் வாங்கினேன்.

பழைய டிஸ்க் வாங்கினால் அங்கேயே திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சிட்ட டிவிடி வெள்ளி மாதிரி இருக்கும். ஊதா அல்லது நீலச் சாயல் அடித்தால் யாரோ கணினியில் எழுதிக் கொடுத்த கள்ளப் பிரதி. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கீறல் பாருங்கள். மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் நேர்க்கீறல் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. வட்டப்போக்கில் போகும் கீறல்தான் படத்தை நிறுத்தும். துடைக்கும்போதும் இதே கணக்குதான். மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும், சட்டி கழுவுவது போலச் சுற்றக் கூடாது.

பிளேயரும் வட்டார எண்ணும்

இந்த இடத்தில்தான் நான் பணத்தை விட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு ப்ளூ-ரேயை ஆசையாக வாங்கி, பிளேயரில் போட்டால் ‘இந்த டிஸ்க் இந்த வட்டாரத்துக்கு உரியதல்ல’ என்று திரையில் வந்தது. விற்றவர் திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை.

விஷயம் இதுதான். டிவிடிக்கு உலகத்தை எண்களால் பிரித்திருக்கிறார்கள். இந்தியா 5, அமெரிக்கா 1, ஐரோப்பா 2. ப்ளூ-ரேக்கு எழுத்துகள். இந்தியா ‘சி’, அமெரிக்கா ‘ஏ’, ஐரோப்பா ‘பி’. அட்டையின் பின்பக்கம் சின்ன அடையாளமாக அச்சிட்டிருக்கும். சில டிஸ்க்குகள் எல்லா ஊரிலும் ஓடும், சில ஓடாது. வாங்கும் முன் அந்த அடையாளத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 4கே டிஸ்க்குக்கு இந்த வட்டாரப் பிரிவே இல்லை, எங்கே வாங்கினாலும் ஓடும். ஆனால் அதே பெட்டிக்குள் கூடவே சாதா ப்ளூ-ரே இருந்தால் அதற்குப் பூட்டு இருக்கலாம்.

டிவிடி பிளேயர் ப்ளூ-ரேயைப் படிக்காது. ப்ளூ-ரே பிளேயர் டிவிடியையும் சேர்த்துப் படிக்கும். 4கே பிளேயர் மூன்றையும் படிக்கும். வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டி இருந்தால் தனி பிளேயர் தேவைப்படாமலே போகலாம். டிஸ்க் போடும் வாய் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே வரை ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 ப்ளூ-ரேயோடு நின்றுவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். நம் ஊர் டிவி ஒளிபரப்புக்கான ‘பால்’ (PAL) முறை டிவிடியில், நொடிக்கு 24 சட்டமாக, அதாவது 24 ஃபிரேமாக, எடுத்த படத்தை 25 ஆக ஓட்டுவார்கள். அதனால் 115 நிமிட முதல் படம் 110 நிமிடத்திலேயே முடிந்துவிடும், குரலும் ஒரு நூல் உயர்ந்து கேட்கும். காட்சியை வெட்டிவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம்.

டிவியைச் சரி செய்வது

இதைச் செய்யாமல் படத்தைப் போடாதீர்கள். மொத்தம் கால் மணி நேர வேலை.

ரிமோட்டில் அமைப்புகளுக்குள் போய் படத்தின் வகையை ‘மூவி’, ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று மாற்றுங்கள். கடையில் பளபளவென்று காட்டுவதற்காக ‘விவிட்’ என்று வைத்திருப்பார்கள், அதில் பாலைவன மணல் ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் தெரியும். மாற்றியதும் முதல் பத்து நிமிடம் படம் மங்கலாகவும் மஞ்சளாகவும் இருப்பது போலத் தோன்றும். கண் பழகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைக்க வேண்டும். சாம்சங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று பெயர் வேறு வேறாக இருக்கும், வேலை ஒன்றுதான். இரண்டு சட்டங்களுக்கு நடுவில் டிவி தானாகவே ஒரு சட்டத்தைக் கற்பனை செய்து நுழைக்கும். சீரியல் பார்க்கும் உணர்வு வந்துவிடும். லாரிச் சண்டையை அப்படிப் பார்த்தால் அதில் இருக்கும் ஆபத்தே தெரியாது. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் மறுபடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

கூர்மையை (‘ஷார்ப்னெஸ்’) குறைத்து, இரைச்சல் நீக்கத்தை (‘நாய்ஸ் ரிடக்ஷன்’) அணைத்துவிடுங்கள். இருட்டுக் காட்சிகளில் மணல் தூவியது போலப் பொடிப் பொடியாக அசைவது பிலிமின் இயல்பு. அதை டிவி துடைக்கப் போனால் முகத்தில் இருக்கும் வியர்வையும் தாடி ரோமமும் சேர்ந்து போய்விடும்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். “ஏன் பாதி டிவி சும்மா கிடக்கு?” என்று வீட்டில் யாராவது கேட்பார்கள், எங்கள் வீட்டில் மதினி கேட்டார். இந்தப் படங்கள் அகலத்திரையில் எடுத்தவை. அகலம் உயரத்தைப் போல ஏறத்தாழ 2.4 மடங்கு. நம் டிவியோ 1.78 மடங்கு. ஆகவே திரையில் கால்வாசி கறுப்பாகத்தான் இருக்கும். ஜூம் போட்டு அதை நிரப்பினால் பக்கவாட்டில் கால்வாசிப் படம் காணாமல் போகும். வலது ஓரத்தில் நிற்கும் வில்லன் தெரியவே மாட்டான்.

ஒலிக்கு ஒரு குறிப்பு போதும். டிவியின் சொந்த ஸ்பீக்கர்தான் என்றால் பிளேயரில் ஒலியை ஸ்டீரியோவாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் பேச்சு முணுமுணுப்பாகவும் இசை இடியாகவும் வந்து, படம் முழுக்க ரிமோட்டைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பழைய நான்கு படங்களின் டிஸ்க்கில் தமிழ்க் குரலை எதிர்பார்க்காதீர்கள். ஆங்கில வசன வரியைப் போட்டுக்கொண்டால் பிள்ளைகளுக்கும் நல்லது, அமெரிக்க உச்சரிப்பில் தடுமாறும் நமக்கும் நல்லது.

நாளும் நேரமும்

ஐந்து படங்களும் சேர்த்து 636 நிமிடம், பத்தரை மணி நேரத்துக்கும் மேல். ஒரே நாளில் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஐந்து சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு படத்தையும் பற்றி வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கலாம்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் தொடங்க வேண்டாம். கொடி ஏறிவிட்டால் அழகர் மலைக்குத் திரும்பும் வரை வீட்டில் ஆள் தங்க மாட்டார்கள். தெரு மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும் வாரமும் வேண்டாம், ரேடியோ செட்டுக்கு முன்னால் எந்த ஸ்பீக்கரும் நிற்காது. மாதாந்திரப் பராமரிப்புக்கு உங்கள் பகுதியில் என்றைக்குக் கரண்ட் நிற்கும் என்று நாளிதழில் வரும் மின்தடைப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருவாக இருந்தால் டிவிக்கும் பிளேயருக்கும் ஸ்டெபிலைசர் அவசியம். டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் வந்தால் பிளேயரின் லென்ஸுக்கு நல்லதல்ல.

நம் வெயிலுக்குப் பகலில் பார்ப்பது வீண். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் சுரங்கக் காட்சி எதுவும் தெரியாது. விளக்கு வைத்த பிறகு ஆறரை மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் சாப்பாட்டுக்கு எழுந்துவிடலாம்.

இடைவேளை விடுங்கள். நம் ஊர் தியேட்டர்களில் இங்கிலீஷ் படத்துக்கும் இடைவேளை உண்டு, அந்தப் பழக்கத்தை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். முதல் படத்தில் நாயகன் இருக்கும் பாம்புக் கிணற்றுக்குள் நாயகியையும் தள்ளி மேலே கல்லை மூடும் இடத்தில் நிறுத்தினேன். அண்ணன் மகன் ஜிகர்தண்டாவைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமலே பத்து நிமிடம் கேள்வி கேட்டான். மூன்றாவது படத்தில் அப்பாவும் மகனும் பெர்லினுக்குப் போய்த் திரும்பும் இடம் தோதானது.

எந்த வரிசையில்

கதை நடக்கும் ஆண்டுப்படி பார்த்தால் இரண்டாவது படம்தான் முதலில் வரும். அது 1935இல் நடக்கிறது. முதல் படம் 1936, மூன்றாவது 1938, நான்காவது 1957, ஐந்தாவது 1969. ஆனால் இந்த வரிசை வேண்டாம். வெளியான வரிசையில் பாருங்கள். ஆளை முதலில் பழக வேண்டும், அதற்கு ‘ரெய்டர்ஸ்’ போல ஒன்று கிடையாது.

கூடப் பார்ப்பவர்களில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் ஒரு மாற்றம். முதல் படம், அப்புறம் மூன்றாவது. இரண்டாவதைப் பதின்மூன்று வயதுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதை நான் சும்மா சொல்லவில்லை. அந்தப் படத்திலும் அதே வருடம் வந்த ‘கிரெம்லின்ஸ்’ படத்திலும் இருந்த கொடூரத்தைப் பார்த்துப் பெற்றோர் கொதித்த பிறகுதான், பதின்மூன்று வயதுக்குக் கீழே கவனம் என்ற புதுத் தரச்சான்றையே அமெரிக்காவில் 1984 ஜூலையில் கொண்டுவந்தார்கள்.

முதல் படத்தில் எதைக் கவனிப்பது

முதல் முறை எதையும் கவனிக்க வேண்டாம், பார்த்து ரசித்தால் போதும். இரண்டாவது முறை போடும்போது இவற்றைத் தேடுங்கள்.

பாறை உருண்டை கண்ணாடி இழையில் செய்தது. அதற்கு முன்னால் ஓடுவது ஹாரிசன் ஃபோர்டேதான். அது உருளும் சத்தம், ஒரு ஹோண்டா காரை இன்ஜின் போடாமல் சரளைக் கல் சரிவில் உருளவிட்டுப் பதிவு செய்தது. பாம்புகள் நெளியும் சத்தம், பாலாடைக்கட்டி சேர்த்துச் சமைத்த பண்டத்துக்குள் விரலைவிட்டுப் பிசைந்து எடுத்தது. இரண்டும் பென் பர்ட் என்ற ஒலிக் கலைஞரின் வேலை. இதைச் சொல்லிவிட்டு அந்தக் காட்சியை மறுபடி போட்டபோது, அண்ணன் மகன் சமையலறைக்குப் போய் இட்லி மாவுக்குள் கையைவிட்டுப் பார்த்தான்.

நாகப்பாம்பு நாயகனின் முகத்துக்கு நேராகப் படம் எடுக்கும் இடத்தில் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. பழைய வீடியோ நாடாவில் பாம்பின் பிம்பம் அந்தக் கண்ணாடியில் தெரியும். 2003 டிவிடிக்காகக் கணினியில் அழித்துவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாடா இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சந்தையில் ஒருவன் வாளைச் சுழற்றிக் காட்ட, நாயகன் அலுப்போடு துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போவார். திரைக்கதையில் அங்கே சாட்டைக்கும் வாளுக்கும் நீளமான சண்டை இருந்தது. துனிசியாவில் படப்பிடிப்பு நடந்தபோது ஃபோர்டுக்கு வயிற்றுக்கடுப்பு, நிற்கவே முடியவில்லை. அதனால் சுருக்கியதுதான் அந்தக் காட்சி.

எனக்கு மிகவும் பிடித்தது லாரித் துரத்தல். ஓடும் லாரிக்கு அடியில் போய், சாட்டையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் இழுபட்டு வரும் இடம். அதைச் செய்தவர் டெரி லெனார்டு என்ற சண்டைக் கலைஞர். லாரியின் அடிப்பக்கத்தை உயர்த்தி, சாலை நடுவே பள்ளம் வெட்டி, அந்தப் பள்ளத்துக்குள் இழுபட்டார். 1939இல் வந்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் யாகிமா கனுட் குதிரை வண்டிக்கு அடியில் செய்ததற்கு மரியாதை அது. நிறுத்தி, மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பள்ளத்தின் விளிம்பு தெரியும்.

கடைசிக் காட்சியில் வரும் முடிவில்லாத கிடங்கு ஓர் ஓவியம். மைக்கேல் பங்ராசியோ வரைந்தது. நடுவில் வண்டி தள்ளிக்கொண்டு போகிற மனிதர் மட்டும் நிஜம்.

இரண்டாவது படத்துக்கு முன் பேச வேண்டியது

இந்தப் படத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் நிறுத்திப் பேசத்தான் வேண்டும். கதை இந்தியாவில் நடக்கிறது. வில்லன்கள் காளியின் பெயரால் நரபலி கொடுக்கிறார்கள், உயிரோடு இருப்பவனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்குகிறார்கள், பிள்ளைகளைச் சுரங்கத்தில் அடிமைகளாக வைத்திருக்கிறார்கள். அரண்மனை விருந்தில் குரங்கு மூளையும் கண் மிதக்கும் ரசமும் பரிமாறுகிறார்கள். மூளை என்று காட்டியது கஸ்டர்டும் ராஸ்ப்பெர்ரிப் பழச்சாறும் என்று தெரிந்தாலும், இந்தியர்கள் இதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று காட்டியது காட்டியதுதான். நம் அரசு திரைக்கதையைப் பார்த்து மாற்றம் கேட்டது, அவர்கள் மாற்றாமல் இலங்கையில் கண்டிக்குப் போய் எடுத்தார்கள். படம் வந்தபோது இந்தியாவில் கொஞ்ச காலம் தடையும் இருந்தது.

எங்கள் வீட்டில் அப்பத்தா அந்தப் பலிக் காட்சியின்போது உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “நம்ம மடப்புரத்தா எலுமிச்சம்பழ மாலைதானே கேப்பா, இது யாருப்பா?” என்றார். அப்பத்தா வருடத்துக்கு இரண்டு முறை மடப்புரம் காளியம்மன் கோயிலுக்குப் போய் வருபவர். அவர் கேட்டதைத்தான் நான் அண்ணன் மகனிடம் சொன்னேன். இது நம் காளி அல்ல, தொலைவிலிருந்து வந்தவர்கள் பயத்தில் கட்டிய பொம்மை. பிள்ளைகளிடம் படத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் மனதில் முதலில் பதிந்ததுதான் நிற்கும். “இந்த அரண்மனை கிடையாது, இந்தச் சாப்பாடு கிடையாது, இந்த வழிபாடும் கிடையாது” என்று மூன்று வாக்கியம் போதும்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் பார்க்கச் சொல்கிறேன்? வேலைப்பாடு அப்படி. தொங்குபாலத்தைக் கண்டிப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே நிஜமாகவே கட்டினார்கள், அருகே விக்டோரியா அணை வேலையில் இருந்த பொறியாளர்களின் உதவியோடு. எஃகுக் கம்பியை வெடிவைத்து அறுத்து, கை காலை உதறும் பொம்மைகளோடு அதை விழவிட்டார்கள். ஒரு பாலம், ஒரே தடவை. அதனால் பல கேமராக்களை வைத்துப் பிடித்தார்கள். சுரங்கத் தள்ளுவண்டித் துரத்தலில் பாதி, மேசை மேல் வைக்கத்தக்க சின்ன மாதிரிகள். புகைப்படம் எடுக்கும் நிக்கான் கேமராவை மாற்றியமைத்து, அந்தக் குட்டிச் சுரங்கத்துக்குள் ஓடவிட்டு எடுத்தார்கள். எது பெரியது, எது சின்னது என்று பிள்ளைகளிடம் பந்தயம் கட்டிப் பாருங்கள். நான் ஏழில் நான்கு தோற்றேன்.

நடிப்பிலும் நமக்கு நெருக்கமானவர்கள் இருக்கிறார்கள். பூசாரி மோலா ராமாக வருபவர் அம்ரிஷ் பூரி. இந்தப் படத்துக்காக அடித்த மொட்டையை அப்புறமும் வைத்துக்கொண்டார். கிராமத்து மக்கள் பேசுவது சிங்களம். வட இந்தியக் கிராமம் என்று கதை சொல்லும், நம் காதுக்கு முதல் வாக்கியத்திலேயே வித்தியாசம் பிடிபட்டுவிடும். ஊர்ப் பெரியவராக வரும் டி. ஆர். நாணயக்கார இலங்கை நடிகர். ஆங்கிலம் தெரியாததால், ஸ்பீல்பெர்க் கேமராவுக்கு அப்பாலிருந்து வரி வரியாகச் சொல்லச் சொல்ல அதைக் கேட்டு அப்படியே சொன்னார். அவர் இடைவெளி விட்டு நிதானமாகப் பேசுவதில் ஒரு கனம் வருகிறதே, அது அப்படி வந்தது. ஷார்ட் ரவுண்டாக வரும் சிறுவன் கீ ஹுய் குவான். 2023இல் வேறொரு படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். அதே மேடையில் சிறந்த படத்தை அறிவிக்க வந்தவர் ஹாரிசன் ஃபோர்டு. அந்த அணைப்பை இணையத்தில் தேடிப் பாருங்கள், இந்தப் படத்தைப் பார்த்து முடித்த அன்று பார்த்தால் கண் கலங்கும்.

மற்ற மூன்றும்

மூன்றாவது படம் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. அப்பாவாக வரும் ஷான் கானரி நிஜத்தில் ஃபோர்டைவிடப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவர், ஆனால் இருவரும் பேசத் தொடங்கினால் அது நினைவுக்கே வராது. ‘என்னை எப்போதும் கவனிக்காத அப்பா’ என்ற மகனின் வருத்தம் நம் வீடுகளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாத விஷயம். தொடக்கத்தில் 1912இல் நடக்கும் பகுதியில் சாட்டை, தொப்பி, தாடைத் தழும்பு, பாம்பு பயம் எல்லாவற்றுக்கும் காரணம் வந்துவிடும். கடைசியில் வரும் சிவப்புக் கல் முகப்பு ஜோர்டானில் பெட்ராவில் நிஜமாக இருக்கிறது. உள்ளே காட்டும் பொறிகள் எல்லாம் இங்கிலாந்து ஸ்டுடியோவில் போட்ட செட்.

முதல் மூன்று படங்களையும் ஒளிப்பதிவு செய்தவர் டக்ளஸ் ஸ்லோகோம்ப். நான்காவதில் அவர் இல்லை, யானுஸ் காமின்ஸ்கி. நிழலும் வெளிச்சமும் விழும் விதம் மாறியிருப்பது டிஸ்க்கில் பளிச்சென்று தெரியும். காட்டுத் துரத்தலில் கணினி வேலை அதிகம், குரங்குகள் வரும் இடத்தில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஆனால் முதல் படத்து நாயகி கேரன் ஆலன் இருபத்தேழு வருடம் கழித்துச் சிரித்துக்கொண்டே வரும் அந்த ஒரு முகத்துக்காகவே பார்க்கலாம்.

ஐந்தாவது வந்தபோது ஃபோர்டுக்கு எண்பது வயது. 1944இல் நடக்கும் தொடக்கத்தில் அவர் முகத்தைக் கணினியில் இளமையாக்கியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு மறுபடி 1981 படத்தின் முதல் பத்து நிமிடத்தைப் போட்டோம். அண்ணன் மகன் இரண்டையும் ஒப்பிட்டு, “கண்ணு வேற மாதிரி இருக்கு சித்தப்பா” என்றான்.

ஆறாவது சனிக்கிழமை

இந்த நாளுக்கு டிஸ்க் வேண்டாம். ராமேஸ்வரம் சாலையில் சிலைமான் தாண்டினால் நிஜமான தொல்லியல் அகழாய்வு நடந்த கீழடி. மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். படத்தில் ஜோன்ஸ் பொன் சிலையை எடுத்துக்கொண்டு ஓடுவார். இங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருப்பவை பானை ஓடுகள், தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்துக் கீறல்கள், பாசிமணிகள், பகடைக் காய்கள். எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று எழுதி வைத்திருப்பதால்தான் ஓர் ஓட்டுக்கு விலை. மூன்றாவது படத்தில் ஜோன்ஸே வகுப்பில் மாணவர்களிடம் தொல்லியலில் 70 சதவீதம் நூலகத்தில் நடப்பது என்று சொல்வார். பிள்ளைகளுக்கு அந்த இடம் நினைவிருந்தால் இங்கே எடுத்துச் சொல்லுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள். அப்பத்தா மாதிரி யாராவது கூட வந்தால் அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போய், திருப்புவனம் பக்கம் இருக்கும் மடப்புரத்தையும் பார்த்துவிட்டு வரலாம். எங்கள் அப்பத்தா அங்கே எலுமிச்சை மாலையை வாங்கி அண்ணன் மகன் கையில்தான் கொடுத்தார். கீழடியில் சுடுமண் உறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இறங்கும் உறைகிணற்றைக் காட்டியபோது அவன் ஓரமாகக் குனிந்து, “இதுக்குள்ள பாம்பு இருக்குமா சித்தப்பா?” என்று கேட்டான். அகழாய்வு நடந்த திடல் திறந்தவெளி, பத்து மணிக்கே வெயில் ஏறிவிடும். தண்ணீரும் ஆளுக்கொரு தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.